கேத்தல் கொதிக்கும் வரை திறந்திருந்த பக்கம்

இதை வாசிக்கப்போகிற பிள்ளைகளுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு ஒழுங்காக எழுத வராது. கொட்டாஞ்சேனையில் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். ஒரு வசனத்தைத் தொடங்கினால் எங்கே முடிப்பது என்று தெரியாது. மறதியும் கூடிவிட்டது. அடுப்பில் எதை வைத்தேன் என்று குசினிக்குள் போய்ப் பார்த்தால்தான் தெரிகிறது.

எழுதச் சொன்னது ரஞ்சினி. வெள்ளவத்தையில் நான் வேலை செய்த கொம்பியூட்டர்க் கந்தோரில் இப்போது சோதனைப் பகுதிக்கு அவள்தான் பொறுப்பு. போன கிழமை போன் எடுத்தாள்.

"அன்ரி, இப்ப எங்கட பக்கங்களை மெஷின்தான் கிளிக் பண்ணி அமத்திப் பாக்குது. ஆள் தேவையில்லை."

"நல்லதுதானே பிள்ளை. கை நோகாது."

"நல்லதுதான். ஆனா அதுக்கும் அந்தப் பழைய வருத்தம் வருது. ஒரு லிங்கைப் பிடிச்சு வைச்சிருக்கும், அதுக்குள்ள பக்கம் மாறிப்போகும், பிறகு அமத்தினா பழசு எண்டு பிழை காட்டும். புதுசா வந்த பிள்ளையள் சொல்லுகினம், பிழை வந்தா திரும்ப ஒருக்கா அமத்தச் சொல்லி எழுதிவிட்டா சரியாம்."

"அண்டைக்கும் அப்பிடித்தானே நினைச்சம்," என்றேன்.

"அதுதான் அன்ரி," என்றாள். "நான் சொன்னா பழங்கதை எண்டுவினம். நீங்கள் எழுதித் தாங்கோ, நான் வாசிச்சுக் காட்டுறன்."

நாலு பேருக்கு முன்னால் நின்று கதைக்க எனக்கு ஏலாது. எழுதினால் ஒருவரும் என் முகத்தைப் பார்க்கமாட்டார்கள். அதனால் ஒத்துக்கொண்டேன்.

அந்தக் கந்தோருக்கு நான் போனது கூட்டித் துடைக்கவும் தேத்தண்ணி போடவும்தான். காலி வீதி என்கிற பெரிய தெருவில் ஒரு சேலைக் கடைக்கு மேலே மூன்றாம் மாடி. பத்துப் பன்னிரண்டு பேர் கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்து எழுதுவார்கள். ஜாவாவில் எழுதுகிறோம் என்பார்கள். ஜாவா என்பது ஊரா ஆளா என்று கேட்க வெட்கப்பட்டு ஒரு வருஷம் கேட்காமலே இருந்தேன்.

முதலாளி நவாஸ் சேர். ஒருநாள் நான் ஜன்னல் துடைத்துக்கொண்டிருந்தபோது ஒரு கதிரையை இழுத்துப் போட்டார்.

"ஜெசிந்தாக்கா, இதுல வந்து கொஞ்சம் உக்காருங்க."

"எனக்குக் கொம்பியூட்டர் தெரியாது சேர்."

"அதுக்குத்தான். தெரிஞ்ச ஆள் பத்துப் பேர் இங்க இருக்காங்க. தெரியாத ஆள் ஒத்தரும் இல்ல. இதப் பாவிக்கப் போறவங்க உங்களப் போல ஆக்கள்தான்."

மவுஸைப் பிடிக்கப் பழக ஒரு மாதம் போனது. இங்கிலீஷ் சொற்களை உருவம் பார்த்து அடையாளம் பிடிக்க இன்னும் கொஞ்சக் காலம். பிறகு காலையில் கூட்டித் துடைப்பேன், பத்து மணிக்கு மேல் சோதனைக்கு இருப்பேன். தேத்தண்ணியை மட்டும் வேறு ஆளிடம் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

நவாஸ் சேர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. நான் முன்பு வேலை செய்த இடங்களில் ஏதாவது பிழைத்தால் "என்ன செய்தனீ" என்றுதான் கேட்பார்கள். கேட்டவுடனே பாதியை மறைத்துவிடுவேன். இவர் பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, பேனையின் மூடியைக் கழற்றி வைத்துவிட்டு, "என்னா கண்டீங்க?" என்று கேட்பார். நான் யோசித்து யோசித்துச் சொல்லி முடிக்கும் வரை போன் அடித்தாலும் எடுக்கமாட்டார்.

எனக்கென்று கெட்டி மட்டை போட்ட ஒரு சீஆர் கொப்பி வாங்கித் தந்து, தானே அடிமட்டம் வைத்து மூன்று கட்டம் கீறித் தந்தார். முதலாவது, அமத்த முதல் கண்டது. இரண்டாவது, அமத்தியது. மூன்றாவது, அமத்திய பிறகு கண்டது. ஓரத்தில் சரி போடக் கொஞ்சம் இடம்.

"நினைச்சத எழுத வேணாம்," என்றார். "கண்டத மட்டும் எழுதுங்க."

அந்தக் காலத்தில் ஒரு இடத்தில் அமத்தினால் முழுப் பக்கமும் வெள்ளையாகி மறுபடி வரும். பிறகு புது முறை ஒன்று கொண்டுவந்தார்கள். அமத்திய இடம் மட்டும் மாறும், மற்றதெல்லாம் அப்படியே நிற்கும். பார்க்க வடிவாக இருந்தது. எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள்.

ஒருநாள் பெயர்ப் பட்டியல் ஒன்றைத் திறந்து வைத்திருந்தேன். பார்த்தால் தேத்தண்ணி நேரம். எழும்பிப் போய்க் கேத்தலை வைத்து, கொதித்ததும் எல்லாருக்கும் பிளேன்ரீ ஊற்றிக் கொடுத்துவிட்டு வந்து, விட்ட இடத்தில் அமத்தினேன். பக்கம் சிவப்பாகி இங்கிலீஷில் கோடு கோடாக ஏதோ வந்தது. கை ஈரமாக இருந்தது, அதனால்தான் எதையோ எரித்துவிட்டேன் என்று நினைத்துச் சேலையில் கையைத் துடைத்தேன்.

கஜன் எட்டிப் பார்த்தான். அந்தப் பட்டியலை எழுதியவன் அவன்தான், கெட்டிக்காரன்.

"அன்ரி, என்ன செய்தனீங்கள்?"

"ஒண்டும் செய்யேல்லை தம்பி. தேத்தண்ணி போட்டனான்."

கந்தோர் முழுக்கச் சிரித்தது. "சீனி கூடிப்போச்சாக்கும்," என்றான் கஜன்.

நவாஸ் சேர் வந்து உட்கார்ந்தார். "என்னா கண்டீங்க?" சொன்னேன். "சரி. அப்பிடியே திரும்பச் செய்யுங்க. கேத்தலையும் வைங்க." எனக்கு வெட்கமாக இருந்தது. குடிக்க ஆளில்லாத தண்ணீரை ஒரு தரம் கொதிக்க வைத்தேன். வந்து அமத்தினேன், சிவப்பு. கேத்தல் வைக்காமல் உடனே அமத்தினேன், சிவப்பு வரவில்லை.

அப்போதுதான் பக்கத்து மேசையில் இருந்த ரஞ்சினி சொன்னாள், அந்த நேரங்களில் தன் கொம்பியூட்டரில் அதே பட்டியலில் இருந்து பெயர்களை நீக்கிக்கொண்டிருந்தாளாம்.

கஜன் பிறகு எனக்கு ஆறுதலாக விளங்கப்படுத்தினான். என் கண்ணுக்கு முன்னால் இருப்பது பட்டியலின் படம் மாதிரித்தான். உண்மையான பட்டியல் சேர்வர் என்ற பெரிய கொம்பியூட்டரில் இருக்கிறது. நான் குசினியில் நிற்கும்போது அது மாறிவிட்டது, என் பக்கம் பழையதாகவே நின்றது. பழைய பக்கத்தில் உள்ள லிங்கை அமத்தினால் சேர்வருக்கு அது எதைக் குறிக்கிறது என்று விளங்காமல் பிழை சொல்கிறது. "நேற்றைய பாணுக்குச் சொல்லுற 'ஸ்டேல்' எண்ட இங்கிலீஷ் சொல்லுத்தான் இதுக்கும், அன்ரி," என்றான். புரோகிராம் எழுதுகிறவர்கள் ஒருவரும் இதைக் காணாததற்குக் காரணம், அவர்கள் ஒரு பக்கத்தைத் திறந்தால் இமை மூடித் திறக்கமுதல் அமத்திவிடுவார்கள். இரண்டு அமத்தலுக்கு நடுவில் தேத்தண்ணி போடுகிற ஆள் அங்கே நான் மட்டும்தான்.

இனித்தான் நான் எழுத விரும்பாத பகுதி.

கொட்டாஞ்சேனையில், எங்கள் வீட்டில் இருந்து பத்து நிமிஷ நடையில் ஒரு சனலிங் சென்டர். பெரிய வைத்தியர்களைப் பார்க்க நம்பர் எடுக்கிற இடம். அவர்களுக்குத்தான் அந்தப் பட்டியல். ஒவ்வொரு வைத்தியருக்கும் ஒரு பட்டியல், ஒவ்வொரு நோயாளியின் பெயருக்குப் பக்கத்திலும் 'நீக்கு' என்று ஒரு லிங்க். இரண்டு கவுன்டரில் இரண்டு பிள்ளைகள் ஒரே பட்டியலைப் பாவிப்பார்கள். சிவப்புப் பக்கம் வருகிறது என்று அவர்கள் முறையிட்டார்கள். சனிக்கிழமை காலைக்குள் முழுதாக மாற்றிக் கொடுக்கவேண்டும்.

வெள்ளிக்கிழமை கஜன் சிரித்துக்கொண்டு வந்தான். "முடிச்சாச்சு அன்ரி. இனிப் பழைய பக்கத்தில அமத்தினாலும் சேர்வர் கோவிக்காது. புதுப் பட்டியலை எடுத்து, அதிலயே வேலையை முடிச்சுவிடும்."

ரஞ்சினி ஐந்து பெயர் போட்டுத் தந்தாள். பெரேரா, மலர், சந்திரா, பாஸ்கரன், ஃபாத்திமா. ஐந்தையும் முதல் கட்டத்தில் எழுதினேன். இரண்டாவது கட்டத்தில் 'சந்திரா, நீக்கு' என்று எழுதினேன். கேத்தலை வைக்கப் போனேன். ரஞ்சினி தன் கொம்பியூட்டரில் பெரேராவை நீக்கினாள். நான் வந்து சந்திராவுக்குப் பக்கத்தில் அமத்தினேன்.

சிவப்பு வரவில்லை. புதுப் பட்டியல் வந்தது. மலர், சந்திரா, ஃபாத்திமா.

சந்திரா இருக்கிறாள். பாஸ்கரனைக் காணவில்லை.

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் பார்த்தேன். விரல் ஒரு வரி கீழே சறுக்கியிருக்கும் என்று நினைத்தேன். வயது போன ஆள், கண்ணும் அவ்வளவுதான்.

"அன்ரி, சிவப்பு வந்ததோ?" கஜன் அங்கிருந்தே கேட்டான்.

"இல்லைத் தம்பி."

"அப்ப சரி போட்டு விடுங்கோ."

எல்லாரும் வீட்டுக்குப் போக ஆயத்தமாக நின்றார்கள். இன்னொரு தரம் கேத்தல் வைக்கிறேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மூன்றாவது கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் அதை வெறுமையாக விட்டுவிட்டு, ஓரத்தில் சரி போட்டேன். அந்தக் கொப்பியில் நான் வெறுமையாக விட்டது அந்த ஒரு கட்டத்தைத்தான்.

சனிக்கிழமை விடிந்ததில் இருந்து மனம் ஒரு இடத்தில் நிற்கவில்லை. பாஸ்கரன் என்ற பெயரே சுற்றிச் சுற்றி வந்தது. அப்படி ஒரு ஆள் உலகத்தில் இல்லை, ரஞ்சினி சும்மா போட்ட பெயர். என்றாலும் மீனை வெட்டிப் பாதியில் மூடி வைத்துவிட்டு அந்த சென்டருக்குப் போனேன். என்னை ஒருவருக்கும் தெரியாது. வாங்குப் பலகையில் ஓரமாக, நோயாளி மாதிரி இருந்தேன்.

நான் போய்ப் பத்து நிமிஷம் இருக்காது. கதவிலிருந்து மூன்றாவதாக இருந்த ஒரு பெண், மடியில் பிள்ளை, எழும்பிக் கவுன்டருக்குப் போனாள். உங்கள் நம்பர் இதில் இல்லை என்றார்கள். அவள் நம்பர் எழுதிய கடுதாசித் துண்டை விரித்துப் பார்த்தாள், மடித்துப் பைக்குள் வைத்தாள், பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு படி இறங்கிப் போனாள். ஒரு வார்த்தை எதிர்த்துக் கதைக்கவில்லை. நாள் மாறி வந்திருப்பாள் என்று நான் நினைத்தேன். பிழை ஆளில்தான் இருக்கும் என்று நினைப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

பிறகு ஒரு ஐயாவும் அம்மாவும். தெமட்டகொடையில் இருந்து வந்தவர்கள். அந்த அம்மாவுக்கு மூச்சு எடுக்கக் கஷ்டம், இரண்டு சொல்லுக்கு ஒரு தரம் நிற்பா. அவர்கள் பார்க்க வந்த இருதய வைத்தியர் மாதத்தில் ஒரு நாள்தான் வருவார். நாலாம் நம்பர்.

"ஐயா, நாலு கான்சல்," என்றாள் கவுன்டரில் இருந்த நிமாலி என்ற பிள்ளை. சிங்களப் பிள்ளை, நன்றாகத் தமிழ் கதைப்பாள்.

"ஆர் கான்சல் பண்ணினது?"

"எங்களுக்குத் தெரியாது ஐயா. கொம்பியூட்டர்ல பேர் இல்ல. நீங்கதான் கோல் எடுத்து வேணாம்னு சொல்லியிருப்பீங்க."

"கோல் எடுத்துப்போட்டு நானே வந்து நிப்பனோ? ரெயில்வே யார்ட்டில முப்பது வருஷம் நிண்டவன் பிள்ளை. போறதோ நிக்கிறதோ எண்டு எனக்குத் தெரியும்."

வாங்கில் இருந்து ஒருவர், "வயசு போனா மறக்கிறதுதான் ஐயா," என்றார். சிலர் சிரித்தார்கள்.

அந்த அம்மா ஐயாவின் கையைப் பிடித்தா. "வாங்கோ... போவம். அடுத்த மாசம்... பாப்பம்."

அந்த நேரம் நர்ஸ் கதவைத் திறந்து, "நம்பர் மூணு," என்றா. ஒருவரும் எழும்பவில்லை. மறுபடி, "நம்பர் மூணு." இல்லை.

என் கொப்பியின் வெறும் கட்டத்தில் என்ன எழுதியிருக்கவேண்டும் என்று அப்போது விளங்கியது. சந்திரா இருக்கிறாள், பாஸ்கரனைக் காணவில்லை. என் விரல் சறுக்கவில்லை.

எழும்பினேன். "பிள்ளை, அது அவர் செய்யேல்லை," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அந்த அம்மா திரும்பிப் படியைப் பார்த்து நடக்கத் தொடங்கிவிட்டா. முதல் போனவளும் அந்தப் படியால்தான் போனாள்.

"அவர் கான்சல் பண்ணேல்லை," என்று மறுபடி சொன்னேன். இந்த முறை எல்லாரும் திரும்பிவிட்டார்கள். "மூண்டை எடுக்கச் சொல்ல, அது நாலை எடுத்திருக்கு."

"நீங்க யாரு அன்ரி?" என்றாள் நிமாலி.

"நான் வெள்ளவத்தையில தேத்தண்ணி போடுறனான்."

வாங்கு முழுக்கச் சிரித்தது. அந்த ஐயா மட்டும் சிரிக்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இந்தக் கொம்பியூட்டரைச் சோதிச்சதும் நான்தான்," என்றேன். "சரி போட்டதும் நான்தான். மூண்டாம் நம்பர் ஆள் வரேல்லை எண்டு கோல் எடுத்ததோ பிள்ளை? நினைச்சுப் பாருங்கோ."

நிமாலி காலையில் வந்த கோல்களைக் குறித்து வைத்த துண்டை எடுத்தாள். விரலை வைத்துக்கொண்டு வந்தாள். விரல் மூன்றாம் நம்பரில் நின்றது. "அனே," என்றாள் மெதுவாக, ஐயோ என்கிற மாதிரி.

அவளுடைய போனில் நவாஸ் சேரை எடுத்தேன். "என்னா கண்டீங்க?" என்றார். கண்டதைச் சொன்னேன், வெள்ளிக்கிழமை கண்டதையும் சேர்த்து. அவர் நிமாலியிடம் கொடுக்கச் சொல்லி, நாங்கள் வரும் வரைக்கும் ஒன்றையும் அமத்தவேண்டாம், பெயர்களைக் கடுதாசியில் எழுதுங்கள் என்றார். மூன்றாம் நம்பர் வெறுமையாகத்தானே இருந்தது. அந்த அம்மாவை அதில் உள்ளே விட்டார்கள். போகிற வழியில் அந்த ஐயா என்னைப் பார்த்து, "இருங்கோ தங்கச்சி," என்று தான் இருந்த இடத்தைக் காட்டினார்.

நான் இருக்கவில்லை. நிமாலியிடம் முதல் போன பெண்ணைப் பற்றிக் கேட்டேன்.

"எந்த ஆள் அன்ரி? பேர் என்ன?"

"தெரியாது. கதவிலிருந்து மூண்டாவதா இருந்தவ."

இரண்டு மூன்று வைத்தியர்களின் பட்டியலில் அன்று காலை நீக்கியிருந்தார்கள். எல்லா நம்பருக்கும் கோல் எடுப்பதாகச் சொன்னார்கள். எடுத்தும் இருப்பார்கள். அவளுக்குக் கிடைத்ததா என்று எனக்குத் தெரியாது.

திங்கட்கிழமை நவாஸ் சேர் என் கொப்பியைத் திறந்து அந்த வெறும் கட்டத்தில் விரலை வைத்தார்.

"இது ஏன் வெறும்?"

"என்ர விரல்தான் பிழைச்சுது எண்டு நினைச்சன் சேர்."

"நினைச்சத எழுத வேணாம்னுதான் சொன்னேன், ஜெசிந்தாக்கா. நினைச்சிட்டு எழுதாம விடச் சொல்லல்ல."

அவர் எனக்குச் சொன்ன கடுமையான வார்த்தை அதுதான்.

கஜன் தலையைக் குனிந்துகொண்டு இருந்தான். "பிழை என்ர சேர். சிவப்பு வந்ததோ எண்டு மட்டும்தான் அன்ரியைக் கேட்டனான். எந்தப் பேர் போனது எண்டு கேக்கேல்லை." பிறகு சொன்னான், லிங்கில் அவன் எழுதி வைத்தது ஆளை இல்லையாம், 'மூன்றாவது வரி' என்றுதானாம். முன்பு சேர்வர் பழைய பக்கம் என்று மறுத்தது. அவன் அந்த மறுப்பை எடுத்துவிட்டான். அதனால், மற்றக் கவுன்டரில் முன்னுக்கு நின்ற ஒருவரை நீக்கியதும் வரிசை நகர, அது புதுப் பட்டியலில் மூன்றாவதாக நின்ற நாலாம் நம்பர் ஆளைத் தூக்கிவிட்டது.

எனக்கு எங்கள் பைப்படி ஞாபகம் வந்தது. ஒரே முற்றத்தைச் சுற்றிச் சின்னச் சின்ன வீடுகளாக இருக்கிற தோட்டத்தில்தான் நான் இருக்கிறேன். பைப் ஒன்று. வாளியை வரிசையில் வைத்துவிட்டு எல்லாரும் சமையலைப் பார்க்கப் போய்விடுவோம். முன்னுக்கு உள்ளவர்கள் பிடித்துக்கொண்டு போகப் போக வரிசை நகரும்.

"திரும்பி வந்து மூண்டாவது வாளி என்ர எண்டு தூக்கினா தோட்டத்தில அடிபாடுதான் தம்பி," என்றேன். "அதுதான் வாளியில பெயின்ரால பேர் எழுதி வைச்சிருக்கிறம்."

கஜன் நிமிர்ந்து பார்த்தான். அன்று பின்னேரமே எழுதத் தொடங்கினான். ஒவ்வொரு லிங்கிலும் வரியின் இடத்தை எடுத்துவிட்டு அந்த நோயாளியின் துண்டு இலக்கத்தையே வைத்தான். நீக்கமுதல் பெயரைச் சொல்லிக் கேட்கும்படி செய்தான். பட்டியல் இடையில் மாறியிருந்தால் தானாக ஒன்றும் செய்யாது, புதுப் பட்டியலைக் காட்டிவிட்டு நிற்கும். அதில் வரவேண்டிய வசனத்தை என்னை எழுதச் சொன்னார் நவாஸ் சேர். நாலு நாள் யோசித்து எழுதினேன்: நீங்கள் பார்த்துக்கொண்டிருந்த பட்டியல் மாறிவிட்டது. புதுப் பட்டியல் கீழே இருக்கிறது. பெயரைப் பார்த்து மறுபடி அமத்துங்கள். இது உங்கள் பிழை இல்லை.

கடைசி வரி தேவையில்லை என்று ஒருவர் சொன்னார். சேர் இருக்கட்டும் என்றார்.

அதற்குப் பிறகு எந்தப் புதுப் பக்கமும் கேத்தல் சோதனை பார்க்காமல் வெளியே போகவில்லை. ஒருவர் பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டுத் தேத்தண்ணி போடப் போவார், மற்றவர் இடையில் பட்டியலை மாற்றுவார், வந்து அமத்தியதும் எந்தப் பெயர் போனது என்று மூன்றாவது கட்டத்தில் எழுதவேண்டும். எழுதாமல் சரி போட ஏலாது. கஜனும் தன் முறைக்குக் குசினிக்குப் போவான். அவனுடைய தேத்தண்ணியை ஒருவரும் குடிக்கமாட்டார்கள்.

புதுப் பிள்ளைகளே, மெஷின் மறுபடி அமத்தட்டும், எனக்கு மறுப்பில்லை. ஆனால் அமத்தமுதல் அது பெயரைத் தேடி எடுக்கவேண்டும், இடத்தை எடுக்கக்கூடாது. அமத்திய பிறகு சிவப்பு வந்ததா என்று மட்டும் கேட்காமல், எந்தப் பெயர் போனது என்று கேட்கும்படி எழுதுங்கள். மெஷினுக்கு என்னைப் போல வெட்கம் இல்லை. கேட்டால் சொல்லிவிடும்.

ரஞ்சினி, இதை டைப் பண்ணமுதல் ஒரு தரம் சரிபார். நான் எழுதியதெல்லாம் அன்றைக்குக் கண்ட பக்கம். பிறகு என்னென்ன மாறியது என்று எனக்குத் தெரியாது. அந்த ஐந்து பெயரும் சரியா என்று கொப்பியில் பார், அது சேரின் அலுமாரியில் இருக்கவேண்டும். லிங்கைப் பற்றி எழுதியதைக் கஜனிடம் கேள், நான் விளங்கிக்கொண்டது அரைகுறையாக இருக்கும். முடிந்தால் நிமாலியிடமும் கேள், அன்றைக்குப் படி இறங்கிப் போன அந்தப் பெண்ணுக்கு நம்பர் திரும்பக் கிடைத்ததா என்று. பெயர் கேட்பாள். என்னிடம் இருப்பது கதவிலிருந்து மூன்றாவது இடம் என்பது மட்டும்தான். அதை வைத்து ஒரு ஆளைத் தேட ஏலாது என்று எனக்குத் தெரியும். என்றாலும் கேட்டுப் பார்.